அழைப்போடு வந்த நிபந்தனை

ஒன்பது ஆட்டங்கள் ஆடி, ஒன்பதிலும் வென்று, ஒரு தோல்வியோ ஒரு சமநிலையோ இல்லாமல் 1951ஆம் ஆண்டின் பந்தயப் பருவத்தை நிறைவு செய்த ஸான் பிரான்ஸிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, புத்தாண்டை ஒட்டி அந்நாட்டின் நகரங்களில் நடைபெறும் பெரிய அழைப்புப் பந்தயங்களுள் ஒன்றில்கூட இடம் பெறவில்லை; அந்தப் பருவம் முடிந்த கையோடு அணியே கலைக்கப்பட்டும் போயிற்று. வென்றவர்களுக்கு இவ்வாறு நேர்ந்ததற்கு அவர்களுடைய ஆட்டத்தில் குறை ஏதும் இருந்ததில்லை. தங்களோடு ஆடிய இரண்டு கறுப்பின மாணவர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்ற நிபந்தனையை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இந்த விருத்தாந்தத்தை, நம்மில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்திராத ஒரு விளையாட்டைப் பற்றிய இந்தச் செய்தியை, விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அர்ச்சுனா நதியின் அணைக்கட்டை ஒட்டிய ஆனைக்குட்டத்தில் இருந்துகொண்டு நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த நிபந்தனை வேறு உருவத்தில் நம்முடைய தென்மாவட்டங்களின் ஆடுகளங்களில் இன்றும் விதிக்கப்பட்டு வருகிறது; அதை மறுக்கும் பொறுப்பையும் இருபது வயதுப் பையன்களின் தலையில்தான் நாம் சுமத்தி வைத்திருக்கிறோம்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பந்து முட்டை வடிவமானது; உதைப்பதைவிட அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், தோழனுக்கு எறிவதுமே அதிகம். களத்தில் அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜமாவது முன்னேறியாக வேண்டும். தவறினால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். நடுக்கோட்டைத் தொடவிடாமல் ஏழு பேர் சேர்ந்து ஒருவனை அமுக்கிப் பிடிக்கும் கபாடியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆட்டத்தின் ஜீவன் சீக்கிரமே விளங்கிவிடும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: கபாடியில் பாடிச் செல்பவன் எதிரிகளின் நடுவே தனியனாகப் போகிறான்; இங்கே ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவதற்காக மற்றவர்கள் தங்கள் உடம்பை முன்னால் போடுகிறார்கள். ஓடியவனின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். வழி திறந்தவர்களின் பெயர் பெரும்பாலும் வராது.

ஸான் பிரான்ஸிஸ்கோ பல்கலைக்கழகம் 1855இல் இயேசு சபையார் நிறுவியது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியையும், சென்னை லயோலாவையும், திருச்சி தூய வளனார் கல்லூரியையும் நடத்துகிற அதே சபை. நம் விருதுநகரில் 1947இல் தொடங்கப்பட்ட செந்திக்குமார நாடார் கல்லூரிக்கு அந்த 1951இல் நான்கு வயதுதான் ஆகியிருந்தது. அந்த அணியின் பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அணியில் இருந்த ஜீனோ மார்செட்டி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஐரோப்பியப் போர்முனையில் நின்றுவிட்டுப் படிக்க வந்தவர். பாப் ஸெயின்ட் கிளேர் ஆறடி ஒன்பது அங்குல உயரம். அணியைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் வேலையைப் பார்த்த பீட் ரோஸெல் என்ற இளைஞர், பின்னாளில் 1960 முதல் 1989 வரை அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து முழுவதையும் நிர்வகித்த கமிஷனர் ஆனார். இத்தனை பேர் ஒரு சிறிய கல்லூரியில் ஒரே சமயத்தில் கூடியது அபூர்வமான சேர்க்கைதான். ஆனால் எல்லோருடைய கண்ணும் சென்று தங்கியது ஆலி மாட்ஸன் மீது.

மாட்ஸன் அந்த ஒரு பருவத்தில் பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 1,566 கெஜம். அவ்வாண்டு நாடு முழுவதிலும் அவரை மிஞ்சியவர் இல்லை. நியூயார்க்கில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த ஆட்டத்தில், எதிரணி உதைத்தனுப்பிய பந்தை இரண்டு முறை பற்றி, மைதானத்தின் நெடுகிலும் ஒருவர் கையிலும் சிக்காமல் ஓடி, மறு எல்லையைத் தொட்டார். அந்த ஆட்டத்தை ஸான் பிரான்ஸிஸ்கோ 32க்கு 26 என்ற கணக்கில் வென்றது. மற்ற ஆட்டங்களில் இத்தனை நெருக்கம் கிடையாது. பஸிபிக் கல்லூரியை 47க்கு 14 என்றும், கடைசி ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் லயோலாவை 20க்கு 2 என்றும் அவர்கள் தோற்கடித்தார்கள். மாட்ஸனோடு அணியில் இருந்த இன்னொரு கறுப்பின மாணவர் பர்ல் டோலர். எதிரணியின் ஓட்டக்காரரைத் தடுத்து வீழ்த்துவதில் சமர்த்தர். இருவரும் மற்ற முப்பது சொச்சம் பேருடன் ஒரே அறைகளில் உடைமாற்றி, ஒரே மேஜையில் உண்டு, ஒரே மண்ணில் விழுந்து எழுந்தவர்கள்.

பருவம் முடிந்ததும் சிறந்த கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் பந்தயங்களில் பெரும்பாலானவை தென்மாநில நகரங்களில் நடந்தன. அழைப்பது உள்ளூர்ப் பிரமுகர்கள் அடங்கிய கமிட்டி. யாரை அழைப்பது என்பது அதன் இஷ்டம். அழைக்கப்படும் கல்லூரிக்கு டிக்கட் வசூலில் பெரும் பங்கு கிடைக்கும். மயாமியில் நடக்கும் ஆரஞ்சு பௌல் பந்தயத்துக்கு ஸான் பிரான்ஸிஸ்கோவை அழைக்கலாம், ஆனால் மாட்ஸனும் டோலரும் வரக்கூடாது என்று சொல்லப்பட்டதாக அந்த அணியினர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் நாங்கள் இல்லை என்று அணி மறுத்துவிட்டது. 1952 ஜனவரி முதல் தேதியன்று ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா டெக் அணியும் பேய்லர் அணியும் ஆடின. தோல்வியே அறியாத கல்லூரி வீட்டில் இருந்தது.

இந்த மறுப்பின் கனத்தை உணர வேண்டுமானால், பத்தாண்டுகளுக்கு முன்னால் மற்றொரு கல்லூரி நடந்துகொண்ட விதத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் இயேசு சபையாரின் கல்லூரிதான்: பாஸ்டன் கல்லூரி. அதன் அணியில் ஆடிய முதல் கறுப்பின மாணவர் லூ மாண்ட்கோமரி. 1940 ஜனவரியில் காட்டன் பௌல் பந்தயத்துக்கும், 1941 ஜனவரியில் ஷுகர் பௌல் பந்தயத்துக்கும் பாஸ்டனுக்கு அழைப்பு வந்தது. இரண்டிலும் மாண்ட்கோமரி ஆடக்கூடாது என்று சொல்லப்பட்டது. இரண்டையும் கல்லூரி ஏற்றுக்கொண்டது. பருவம் முழுவதும் சேர்ந்து உழைத்த ஒருவனை, மாலையும் மேளமும் கிடைக்கும் நாளில் மட்டும் வெளியே நிறுத்துவதைவிடக் கொடிய அவமானம் ஆட்டக்காரனுக்கு வேறு இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். தோல்வியின் துக்கத்தில் பங்கு கேட்பவர்கள் வெற்றியின் பந்தியில் இலை போட மறுக்கிறார்கள். அந்தக் கல்லூரி 2012இல்தான், மாண்ட்கோமரி மறைந்த பின்பு, அவருடைய எண்ணைக் கௌரவித்தது.

ஸான் பிரான்ஸிஸ்கோவின் மாணவர்கள் சரியானதைச் செய்தார்கள். அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். கால்பந்து அணியை நடத்துவதில் பல்கலைக்கழகத்துக்கு நஷ்டம் ஏறிக்கொண்டே போயிருந்தது. விழாப் பந்தயத்தின் வருமானம் வந்திருந்தால் அந்தச் சுமை குறைந்திருக்கக்கூடும். அது வராமற்போகவே, அணி கலைக்கப்பட்டது. இதைப் பற்றி எழுதுகிற பலரும் மாணவர்களின் தியாகத்தைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் மனத்தை உறுத்துவது வேறு. அத்தனை பெரிய தீர்மானத்தை எடுக்க வேண்டிய இடத்தில் நின்றவர்கள் ஏன் மாணவர்களாக இருந்தார்கள்? நிபந்தனையோடு வரும் அழைப்பை மறுக்க வேண்டியதும், மறுத்ததனால் வரும் நஷ்டத்தைத் தாங்க வேண்டியதும் ஸ்தாபனங்களின் கடமை.

அவ்வாறு நடந்துகொண்ட ஸ்தாபனம் இல்லாமல் இல்லை. அதே 1951ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, ஓக்லஹாமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில், டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட், பந்து தம் கையில் இல்லாத சமயங்களில் எதிரணி வீரர் ஒருவரால் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டுத் தாடை உடைந்தார். அந்தத் தாக்குதலைப் படிப்படியாகக் காட்டிய புகைப்படங்கள் 1952இல் புலிட்ஸர் பரிசு பெற்றன. குற்றம் செய்தவர்மீது போட்டிச் சங்கம் நடவடிக்கை எடுக்காததைக் கண்டித்து, டிரேக் பல்கலைக்கழகம் அந்தச் சங்கத்திலிருந்தே விலகிக்கொண்டது. தன் மாணவனின் உடைந்த தாடைக்காக ஒரு பல்கலைக்கழகம் தன் பந்தய அட்டவணையையே இழக்கத் துணிந்தது. ஆட்டம் நடந்த பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2005இல். பிரைட் 1983லேயே காலமாகிவிட்டார்.

நம் நாட்டில் இதற்கு நேரான இன்னொரு காட்சி உண்டு. கல்லூரியை விட்டு வந்த ஆலி மாட்ஸன் 1952இல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடரோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். அதே ஹெல்ஸிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தைக் கொண்டுவந்தவர் கஷாபா ஜாதவ். அவர் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் மாணவர். ஹெல்ஸிங்கிக்குப் போகும் பிரயாணச் செலவுக்கு வழியில்லாமல் ஜாதவ் ஊர் ஊராக நிதி திரட்டியபோது, கல்லூரி முதல்வர் கர்தேகர் தம் வீட்டை அடமானம் வைத்து ஏழாயிரம் ரூபாய் கொடுத்தார். ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரனுக்குப் பின்னால் நிற்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட விளக்கமான உதாரணத்தை நான் அறியேன்.

கூட நின்று ஆடியவர்கள் கூட விலகாதபோது என்ன ஆகும் என்பதற்கும் நம் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, அவர் தம்பிகள் விட்டல், சிவராம் ஆகியோர் பம்பாய் ஹிந்து கிரிக்கெட் அணியின் தூண்களாக இருந்தும், தலைமைப் பதவி அவர்களுக்கு எட்டாமலே இருந்தது. 1920இல் அந்த அநீதியைக் கண்டித்து விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். மற்றவர்கள் ஆடப் போனார்கள். விட்டல் தலைவராக வருவதற்கு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவனே எதிர்க்கவும் வேண்டும், இழக்கவும் வேண்டும் என்ற நிலைமைக்கும், ஸான் பிரான்ஸிஸ்கோவில் அவ்விருவர் வாய் திறக்கும் அவசியமே இல்லாமல் மற்றவர்கள் மறுத்துவிட்டதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

இனி நம் ஊர்களுக்கு வருகிறேன். தை மாதம் பொங்கலை ஒட்டியும், பங்குனி சித்திரைக் கொடைகளை ஒட்டியும் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமைகளில் கபாடிப் போட்டி நடக்காத ஊர் குறைவு. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சகத்திலும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, இரவு விளக்கு வெளிச்சத்தில் கரிசல் மண்ணில் புரண்டு ஆடும் இந்தப் பையன்களின் தேகபலமும் துணிவும் எந்தத் தேசத்து ஆட்டக்காரனுக்கும் குறைந்தவை அல்ல. இந்த மண்ணிலிருந்துதான் மணத்தி கணேசன் புறப்பட்டு, 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் நின்றார். ஆனால் போட்டிக்கான நோட்டீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவகாசி அச்சகத்தில் பல வர்ணத்தில் அடித்தது. மேலே சாமி படம், அதற்குக் கீழே தலைவர்கள் படம், பரிசுத் தொகை, உபயதாரர்களின் பெயர்கள், பின்பு விதிமுறைகள்: ஒரே ஊர் அணியாக இருக்க வேண்டும், ஆதார் அட்டை அசல் கொண்டுவர வேண்டும், நடுவர் தீர்ப்பே இறுதியானது. சாதியைப் பற்றி ஓர் எழுத்து இராது. அப்படியிருந்தும், ஒரே ஊராட்சியிலிருந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பையன்கள், தெருவுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு இரண்டு அணிகளாகத்தான் வருகிறார்கள். சட்டையின் நிறத்தைப் பார்த்தே இன்னார் இன்னார் என்று கூட்டம் சொல்லிவிடுகிறது. கலந்து ஆடும் அணி ஒன்று பெயர் கொடுக்கப் போனால், டோக்கன் முடிந்துவிட்டது தம்பி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு போடுகிற இடத்தில், பத்துப் பேருக்கு வீட்டுத் திண்ணையில் இலையும், இரண்டு பேருக்குக் களத்து ஓரத்தில் பொட்டலமும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இருவரும் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பத்துப் பேரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் எவனும் கெட்டவன் அல்லன். எழுந்து போக வேண்டும் என்று ஒருவராவது சொல்லிக்கொடுத்திருந்தால் எழுந்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்திலேயே இந்தப் பிரிவினை வேர் பிடித்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பன போன்ற பல பரிந்துரைகளை அவர் செய்தார். அவை நிறைவேற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் கையில் இருக்கும் கயிற்றை அறுத்துவிட்டு, அதே நிறத்தைப் பனியனாக மாட்டிக்கொண்டு களத்தில் இறங்க அனுமதிப்போமானால் என்ன பிரயோஜனம்?

சேர்ந்து நுழைவது என்ற வழக்கம் நமக்கு அந்நியமானதும் அல்ல. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களில் கக்கன் முதலான தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஐவர் இருந்தார்கள். அவர்களோடு விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். சிவகாசியும் விருதுநகரும் கோயில் வாசலில் நிறுத்திவைக்கப்பட்டதன் வேதனையை அறிந்த ஊர்கள். அந்த வேதனையை அறிந்தவர்கள் இன்று தொழில் நடத்துகிறார்கள், கல்லூரிகள் நடத்துகிறார்கள், போட்டிகளுக்குப் பரிசுப் பணம் தருகிறார்கள். ஆகவே அவர்களிடமே கேட்கிறேன். கோப்பைக்கும் ரொக்கத்துக்கும் தங்கள் பெயரைப் போட இசைவதற்கு முன், ஓர் ஊராட்சிக்கு ஓர் அணி என்பதையும், வந்த அணி எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே ஏற்கப்படும் என்பதையும், எல்லோருக்கும் ஒரே பந்தலில் சாப்பாடு என்பதையும் அந்த நோட்டீஸிலேயே அச்சிடச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவர் சொன்னால் விழாக் கமிட்டி கேட்கும்.

கல்லூரிகளுக்கு இதைவிடக் கூடுதலான பொறுப்பு உண்டு. கல்லூரி அணியில்தான் தெருக்களும் ஊர்களும் கலக்கின்றன. வெவ்வேறு கிராமத்துப் பையன்கள் ஒரே பஸ்ஸில் பிரயாணம் செய்து, ஒரே விடுதியில் தங்கி, ஒருவன் கால் சுளுக்கை இன்னொருவன் நீவிவிடுகிறான். அந்த அணியை ஊர்ப் போட்டிக்கு அழைக்கிறவர்கள், இன்னாரை விட்டுவிட்டு வாருங்கள் என்று ஜாடையாகச் சொன்னாலும், பதில் உடற்கல்வி இயக்குநர் மூலமாக, முதல்வரின் கையெழுத்தோடு, எழுத்தில் போக வேண்டும். அப்படி மறுத்ததனால் அணி இழக்கும் பரிசுத் தொகையைக் கல்லூரி தன் நிதியிலிருந்து கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொகை சில ஆயிரங்கள்தான் இருக்கும். அதைப் பையன்கள் சட்டைக்கும் காலணிக்கும் நம்பியிருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஸான் பிரான்ஸிஸ்கோவின் அந்த அணியிலிருந்து மாட்ஸன், மார்செட்டி, ஸெயின்ட் கிளேர் ஆகிய மூவர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். டோலர் முழங்கால் காயத்தால் தொழில்முறை ஆட்டத்துக்குப் போக முடியாமல் உபாத்தியாயரானார். அந்நகரில் பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1965இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராக நியமிக்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பணியைச் செய்தார். மயாமியில் ஆடத் தகாதவர் என்று கருதப்பட்டவர், தேசத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னார். அணியில் எஞ்சியிருந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் 2006இல் கௌரவப் பட்டம் அளித்தது. அதற்குள் பலர் இறந்து போயிருந்தார்கள்.

நம் பகுதியில் தைப் போட்டிகளுக்கான நோட்டீஸ்கள் மார்கழியில் அச்சேறும். விழாக் கமிட்டிகள் கார்த்திகையிலேயே கூடி உபயதாரர்களைப் பார்க்கப் புறப்பட்டுவிடும். அவர்கள் வந்து திண்ணையில் உட்காரும்போது கேட்க வேண்டியதை இப்போதே தீர்மானித்து வைத்துக்கொள்ள வேண்டும்.